புறாவைப் பிடித்த கேமரா

பிராங்கிளின் கேமரா வாங்கிய சேதி அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே திண்டுக்கல் வெங்காயப் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தன் கமிஷன் கடைக்குப் போய், பல்லாரி வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தான். லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி சுற்றி நின்றார்கள். முழங்கை நீளத்துக்கு லென்ஸை வெளியே எடுத்தபோது, "பீரங்கி மாதிரில இருக்கு" என்றார் மூட்டை தூக்கும் பொம்மையன்.

"கண்ணு சிமிட்டுறதுக்குள்ள முப்பது படம் எடுக்கும்யா" என்றான் பிராங்கிளின்.

"நமக்கு எதுக்குண்ணே அம்புட்டுப் படம்?"

"எம் மக ஓடுறாள்ல. அவ ஓட்டத்துக்குப் போன்ல எடுத்தா என்னத்தத் தெரியுது. ஈசல் பறக்குற மாதிரி இருக்கு."

அவன் மகள் டெய்சி பதினொன்றாம் வகுப்பு படித்தாள். எண்ணூறு மீட்டர் ஓடுவாள். ஒல்லியாக, அப்பனைவிட அரைச்சாண் உயரமாக இருப்பாள். விடிவதற்கு முன்பே எழுந்து, நாய்களுக்குப் பயந்து கையில் ஒரு குச்சியோடு, புறவழிச்சாலை வரை ஓடிவிட்டு வருவாள்.

வீட்டின் முன்னறையில் அவன் மனைவி சகாயசெல்வி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கேமராவைத் தையல் மெஷின் பலகைமேல் வைத்துவிட்டு, அவள் ஏதாவது சொல்வாள் என்று பிராங்கிளின் காத்து நின்றான். அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்த கனமான புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தாள்.

"இதப் படிச்சீங்களா?"

"அதுல படிக்க என்ன இருக்கு? இந்தா, இந்தத் திருகுல பச்சைக்குக் கொண்டாந்து வச்சா முடிஞ்சது. மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்."

"எம்ப்ராய்டரி மெஷின் வாங்கினப்ப நான் ஒரு வாரம் புக்கோட உக்காந்தேன். நூலு அறுந்தாலும் அது என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும்."

"அது மெஷினு. இதுக்கு மூளை இருக்கு, செல்வி."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பிராங்கிளின் பைக்கில் சிறுமலைக்கு ஏறிவிட்டான். மலைமேல் வாழைத்தோப்பு ஓரமாக நின்று கேமராவின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினான். எங்கோ உள்ளே போனபோது திரையில் குட்டிக் குட்டியாகச் சித்திரங்கள் வந்தன: ஆள், நாய், பறவை, கார். பறவையை அமுக்கினான். மரத்தில் இருந்த கொண்டைக்குருவியை நோக்கி நீட்டியதும் அதன் கண்ணைச் சுற்றித் தானாகவே ஒரு சின்னக் கட்டம் விழுந்தது. குருவி தலையைத் திருப்பினால் கட்டமும் திரும்பியது. பிராங்கிளின் அப்படியே அமுக்கினான். அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினான். அந்தச் சித்திரங்கள் இருந்த இடத்துக்கு எந்த வழியாகப் போனோம் என்பது மலையிறங்கும்போதே அவனுக்கு மறந்துபோயிற்று.

மாவட்டப் போட்டி வந்தது. முதலாவதாக வருகிறவர் மட்டும் திருச்சியில் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பிராங்கிளின் அன்றைக்குக் கடையைப் பொம்மையனிடம் ஒப்படைத்துவிட்டு, எலுமிச்சம்பழச் சாறும் குளுக்கோஸுமாக மைதானத்துக்கு வந்துவிட்டான். செம்மண் மைதானம். ராத்திரி பெய்த தூறலில் புழுதி அடங்கி, சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பிள்ளைகளின் இரைச்சலும் மைக்செட்காரரின் இரைச்சலும் ஒன்றையொன்று முந்தின. கழுத்தில் அந்தக் கேமராவைப் பார்த்த போலீஸ்காரரே கயிற்றைத் தூக்கி அவனை உள்ளே விட்டார். அவனும் பத்திரிகைக்காரன் போல முடிவுக் கோட்டின் ஓரத்தில் போய் மண்டியிட்டான். கோட்டுக்குக் குறுக்கே நெஞ்சுயரத்தில் நூல் பிடித்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் கோட்டுக்கு நேராக ஒரு வரவேற்பு பேனர். அதில் சிறகை விரித்த வெள்ளைப் புறா ஒன்று பெரிதாக இருந்தது.

துப்பாக்கி வெடித்தது. சின்ன மைதானம், எண்ணூறு மீட்டருக்கு நாலு சுற்று. முதல் இரண்டு சுற்றில் டெய்சி நடுவில் ஓடினாள். மூன்றாவது சுற்றில் ஒவ்வொருத்தியாகக் கழற்றிவிட்டு முன்னால் வந்தாள். அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான். செருப்பில்லாத, ஷூவும் இல்லாத வெறுங்காலோடு ஓடினாள் அவள். தாடிக்கொம்புப் பக்கத்துப் பெண், பெயர் சுகன்யா.

"டெய்சி, தோள விடு, தோளத் தளர்த்து" என்று உடற்கல்வி ஆசிரியை பாஸிலா கோட்டோரமாகவே ஓடினாள். கடைசி வளைவில் டெய்சி வெளிப்பக்கமாக வந்து சுகன்யாவின் தோளுக்குத் தோளாகச் சேர்ந்துவிட்டாள். மைதானமே எழுந்து நின்றது. சகாயசெல்வி கண்ணை மூடி, "மாதாவே, மாதாவே" என்றாள். பிராங்கிளின் கண்ணைக் கேமராவில் ஒட்டிவைத்து விரலை அமுக்கினான். விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவே இல்லை. கேமரா மழை பெய்கிற மாதிரிச் சடசடத்தது. இரண்டு பெண்களும் கோட்டைத் தாண்டி மண்ணில் விழுந்தார்கள்.

நடுவர்கள் கூடிப் பேசி, முதலிடம் டெய்சி என்றார்கள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். சுகன்யாவின் அப்பா முத்துச்சாமி. சம்பங்கிப் பூப் போட்டிருக்கிற விவசாயி. தோள்துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்.

"சார், எம் புள்ளதான் முன்னுக்க வந்துச்சு. நான் இந்தாருக்குற தொலவுல நின்னு பாத்தேன். நெஞ்சுதானே கணக்கு, அது முன்னாடி வந்துச்சு சார்."

"நாங்க நாலு பேரு பாத்திருக்கோம்யா" என்றார் நடுவர்.

பிராங்கிளின் எழுந்தான். முழங்காலில் செம்மண். "எதுக்கு சார் சண்டை? எங்கிட்ட இருக்கு. கோட்டுக்கு நேரா இருந்து எடுத்திருக்கேன். எம் மக எம்புட்டு முன்னாடி வந்தான்னு இது சொல்லிரும்."

எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முத்துச்சாமி எக்கிப் பார்த்தார். பிராங்கிளின் பொத்தானை அமுக்க, திரையில் படம் வந்தது.

பேனரில் இருந்த புறா. அதன் கண், அலகு, அலகில் கவ்விய இலை, இலையின் நரம்பு எல்லாம் துலக்கமாக இருந்தன. முன்னால், படத்தின் விளிம்பில், நீலமாக ஒரு கலங்கலும் மஞ்சளாக ஒரு கலங்கலும். இரண்டும் இன்னும் கோட்டுக்கே வந்து சேரவில்லை.

அடுத்த படத்தைத் தள்ளினான். ஓட்டம் தொடங்கியபோது எடுத்தது. திரும்பவும் தள்ளினான். புறா.

"அண்ணே, புறா முதல்ல வந்திருக்குண்ணே" என்றான் கூட்டத்தில் ஒருவன். சிரிப்பு கிளம்பியது. பையன்கள் 'பக்பக்பக்' என்று புறா மாதிரிக் கத்தினார்கள். மண்ணில் உட்கார்ந்திருந்த டெய்சி தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"இதுக்குத்தான் இம்புட்டுப் பெரிய கொழாயா?" என்றார் முத்துச்சாமி. அவர் சிரிக்கவில்லை. மகளைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். தீர்ப்பு மாறவில்லை.

ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். சிரிப்பெல்லாம் பைக்கில் வீடு வந்து சேர்வதற்குள் பிராங்கிளினுக்கு மறந்துவிட்டது. பேட்டைக்குப் போன் போட்டான். 'மாநிலப் போட்டிக்குச் செல்லும் எங்கள் சிங்கப்பெண்' என்று ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவிட்டான். மறுநாள் சாயங்காலமே அது வெங்காய மூட்டைகளுக்கு மேலே காற்றில் படபடத்தது. பொம்மையன் அதற்கு மாலையும் போட்டார். அன்றைக்கு வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. வெஞ்சனமாகத் தொட்டுக்கொள்ள முட்டையும் அவித்து, வெங்காயம் வதக்கிப் பிரட்டி வைத்திருந்தாள் சகாயசெல்வி.

குழம்பு கொதிக்கிற நேரத்தில் அவள் கேமராவைக் கையில் எடுத்தாள். மடியில் அந்தப் புத்தகம்.

"ஏங்க, இந்தப் புறா படத்து மூலைல சீட்டுக்கட்டு அடுக்கின மாதிரி ஒரு குறி இருக்கே, என்னது?"

"ஏதாவது டிசைனா இருக்கும்."

"டிசைனெல்லாம் இல்ல. இதுல போட்டிருக்கு. ஒரே மூச்சில எடுத்த படத்தையெல்லாம் அடுக்கி வச்சு, மேலாப்புல இருக்குறத மட்டும் காட்டுமாம். உள்ள போறதுக்கு நடுப் பொத்தான அமுக்கணுமாம்."

டெய்சி தலை துவட்டிக்கொண்டிருந்தவள் ஈரத்துண்டோடு வந்து அம்மாவின் தோளில் தாடையை வைத்தாள். சகாயசெல்வி அமுக்கினாள். புறா ஒன்று பலவாக விரிந்தது.

"அப்பா, இங்க வாங்கப்பா, உள்ள அம்புட்டும் இருக்கு."

பிராங்கிளின் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரைமேல் முட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். முதல் சில படங்களில் புறாதான். பிறகு ஓடி வந்த இரண்டு பெண்களும் புறாவை மறைத்துவிட்டார்கள். பிடிப்பதற்குப் பறவை இல்லாமல் போகவே, சிறுமலையில் அமுக்கிய பறவைச் சித்திரத்திலேயே நின்றிருந்த கேமரா தடுமாறி, இவர்களைப் பிடித்திருந்தது. கலங்கல் தெளிந்துகொண்டே வந்தது. நீலம் டெய்சி ஆயிற்று. மஞ்சள் சுகன்யா ஆயிற்று. கழுத்து நரம்பு தெரிந்தது. காலிலிருந்து தெறித்த மண் அந்தரத்தில் நின்றது.

"யாத்தே, என்னா தெளிவு" என்றாள் சகாயசெல்வி.

"நான் சொன்னேன்ல? மூளை இருக்குன்னு சொன்னேன்ல? தள்ளு, தள்ளு" என்றான் பிராங்கிளின். "இத முதல்ல பிரிண்டு போடணும். அந்த நடுவர் மூஞ்சிக்கு முன்னால கொண்டுபோயி வைக்கணும்."

"அப்பா, என் காலு ரெண்டும் தரையிலேயே இல்ல பாருங்க. பறக்குறேன்."

சிரித்துக்கொண்டே அவள்தான் அடுத்த படத்தைத் தள்ளினாள்.

கோடு. நூல் சுகன்யாவின் மஞ்சள் பனியனில் பட்டு வளைந்திருந்தது. டெய்சியின் நெஞ்சு அந்த நூலுக்கு ஒரு கை அகலம் பின்னால் இருந்தது. அவளுடைய தலையும் நீட்டிய கையும்தான் முன்னால் இருந்தன. நடுவர்கள் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

டெய்சி ஒரு படம் பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள். அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்த சத்தம் கேட்டுத்தான் சகாயசெல்வி எழுந்தாள்.

"இத யாரும் கேக்கல" என்றான் பிராங்கிளின். "தீர்ப்புச் சொன்னது அவங்க. நம்ம ஒண்ணும் களவாங்கல. சாப்பிடு தாயி, ஆறிப்போகும்."

டெய்சி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நாட்டுக்கோழி சட்டியிலேயே இருந்தது.

இரண்டு நாள் அவள் ஓடப் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பியவள் கால்மணியிலேயே திரும்பிவிட்டாள். வாசலில் பிராங்கிளின் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"ஓட்டம் வரலப்பா."

"காலு வலிக்குதா?"

"இல்ல. அவ முன்னாடி போற மாதிரியே இருக்கு. திருச்சில போயி நின்னாலும் எனக்கு அப்பிடித்தான் இருக்கும். பொய்யா நிக்கிற மாதிரி." அவள் ஷூவைக் கழற்றி உதறினாள். "சுகன்யாகிட்ட அந்தப் படத்தக் காட்டணும்ப்பா."

"பேட்டையில ஃபிளெக்ஸு தொங்குது டெய்சி. நான் எங்க போயி முழிக்கிறது? ஏற்கெனவே புறாக்காரன்கிறானுங்க."

"அந்தப் படத்துல நான் பறக்குறேன்ப்பா. ரெண்டாவது வந்தாலும் பறக்குறேன்ல? அத நான் பாத்தேன். அவ அவளுடையதப் பாக்க வேணாமா?"

பிராங்கிளின் சமையலறைப் பக்கம் திரும்பினான். சகாயசெல்வி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே, "எனக்குந்தான் மனசே இல்ல" என்றாள். "அவ திருச்சிக்குப் போகணும்னுதான் நெனைக்கிறேன். ஆனா ஓடுறது அவ." பிறகு தோசையைத் திருப்பினாள். அவள் முகத்தில் நீராவி அடித்தது. பிராங்கிளின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பைக் சாவியைத் தேடினான்.

தாடிக்கொம்பு தாண்டி வயல் பாதையில் இறங்கும்போது வெயில் இன்னும் சூடேறவில்லை. சம்பங்கிப் பாத்திகளுக்கு நடுவே முத்துச்சாமியும், அவர் மனைவி புவனேஸ்வரியும், சுகன்யாவும் குனிந்து பூ பறித்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கெட்டுக்கு வண்டி வருவதற்குள் பறித்தாக வேண்டும். மூன்று பேர் இடுப்பிலும் ஈரத்துணி மடி. பிராங்கிளினின் கழுத்தில் தொங்கியதைப் பார்த்ததும் முத்துச்சாமி நிமிர்ந்தார்.

"என்ன தம்பி, இங்க புறா ஒண்ணும் இல்லையே."

"உங்க மகளக் காட்டத்தான் வந்தேன்ணே" என்றான் பிராங்கிளின்.

டெய்சிதான் கேமராவை வாங்கிச் சுகன்யாவிடம் கொண்டுபோனாள். சுகன்யா பூ மணக்கிற கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். நடுப் பொத்தானை அமுக்கச் சொல்லிக்கொடுத்தாள் டெய்சி. ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் கோட்டுக்கு வந்ததும் சுகன்யா நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவள் சொன்னது யாரும் எதிர்பாராதது.

"எனக்கே சந்தேகமாயிருச்சுக்கா. அப்பா முந்துன முந்துனன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. பாசத்துல சொல்றாருன்னு நெனச்சேன்."

முத்துச்சாமி கேமராவை வாங்கவில்லை. தூரத்திலிருந்தே, "இருக்கா? நூலு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று மகள் சொன்னதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். புவனேஸ்வரி மடியில் இருந்த பூவைச் சாக்கில் தட்டிவிட்டு, "சாப்பிடாமப் போகக் கூடாது, ஆமா" என்று வீட்டை நோக்கி நடந்தாள். கம்பஞ்சோற்றைக் கரைத்து மோர் விட்டு, சுண்ட வத்தலும் பச்சை வெங்காயமும் வைத்தாள். பிராங்கிளின் வெங்காயத்தைக் கடித்துப் பார்த்து, "நம்ம பேட்டைச் சரக்கு" என்றான். முத்துச்சாமி அப்போதுதான் சிரித்தார்.

படத்தைப் பார்த்த பாஸிலா டீச்சர் அன்றைக்கே எல்லோரையும் போட்டி நடத்திய அதிகாரியிடம் கூட்டிப்போனாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். புகார் சொல்லும் நேரம் முடிந்துவிட்டது, முடிவை மாற்ற முடியாது என்றார். முதலிடம் வந்த பிள்ளை விலகிக்கொண்டால் மட்டும் அடுத்தவரை அனுப்பலாம் என்றார்.

"விலகிக்கிறேன் சார்" என்றாள் டெய்சி.

"செத்த பொறும்மா. அப்பாவக் கேக்கணும்." அவர் பிராங்கிளினைப் பார்த்தார்.

பிராங்கிளின் மகளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குதிகால் மட்டும் தரையில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் அவளுக்கு அப்படித்தான் ஆடும்.

"அவ சொன்னதுதான் சார்" என்றான்.

ஃபிளெக்ஸை அவனே ஏணி போட்டு அவிழ்த்தான். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னான். பொம்மையன் அந்த ஃபிளெக்ஸை வாங்கி, மழைக்கு வெங்காயத்தை மூட வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பிராங்கிளின் புத்தகத்தைப் பிரித்தான். சகாயசெல்வி இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிக்க, அவன் திருகுகளைத் திருகினான். புரியாததற்குப் போனில் வீடியோ பார்த்தான். பேட்டையில் லாரியிலிருந்து மூட்டை வீசுவதை எடுத்தான். முதல் வாரம் மூட்டை எல்லாம் புகை மாதிரி விழுந்தது. வேகத்தைக் கூட்டினான், படம் இருட்டிப்போயிற்று. வெளிச்சத்தைத் திறந்தான், வெளிறிப்போயிற்று. சளைக்காமல் எடுத்தான். ஒருநாள் பொம்மையன் தோளிலிருந்து மூட்டை சரிகிற கணத்தில், கிழிசலிலிருந்து சிதறிய வெங்காயச் சருகு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் நிற்கிற படம் ஒன்று விழுந்தது. பிராங்கிளின் கடையை அப்படியே போட்டுவிட்டு, அதைக் காட்ட வீட்டுக்கு ஓடினான்.

டெய்சி திரும்ப ஓடத் தொடங்கியிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் தாடிக்கொம்புக்குப் போய் சுகன்யாவோடு வயல் பாதையில் ஓடுவாள். இருவரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வாரம் இவள் முந்துவாள், மறு வாரம் அவள் முந்துவாள். டெய்சி தன்னுடைய பழைய ஷூவைக் கொடுத்துப் பார்த்தாள். சுகன்யா இரண்டு நாள் போட்டுவிட்டு, காலைக் கடிக்கிறது என்று திருப்பித் தந்தாள்.

திருச்சிக்கு இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் போனார்கள். புளிச்சோற்று வாசனையும் சம்பங்கி வாசனையுமாக வேன் மணத்தது. அங்கே மைதானம் செங்கல் நிறத்தில் ரப்பராக இருந்தது. யார் முதல் என்று பார்க்க அவர்களே மிஷின் வைத்திருந்தார்கள். ஆட்கள் யாரையும் உள்ளே விடவில்லை. கம்பிவேலிக்கு வெளியே, கடைசி நேர்ப்பாதையின் ஓரமாக எல்லோரும் நின்றார்கள்.

"தம்பி, எம் புள்ள கோட்டத் தொடுறத மட்டும் விட்டுறாதீங்க" என்றார் முத்துச்சாமி.

"விடமாட்டேன்ணே. ஆளுல வச்சிருக்கேன், வேகமும் வச்சிருக்கேன்."

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது சுகன்யா ஐந்தாவதாக இருந்தாள். அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்ற டெய்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வளைவில் சுகன்யா திரும்பியதும், "கைய விடு சுகன்யா, கைய நல்லா விடு" என்று கத்தியபடி இவளும் வேலிக்கு வெளியே ஓடத் தொடங்கினாள். கல்லும் முள்ளும் காகிதக் கப்புமாகக் கிடந்த தரை. உடம்பில் நீலச் சுடிதார். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். சுகன்யா நாலாவதானாள். மூன்றாவதானாள்.

பிராங்கிளின் கண்ணைக் கேமராவில் வைத்து, சுகன்யாவைத் தொடர்ந்துகொண்டிருந்தான். சின்னக் கட்டம் அவள் முகத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. அப்போது படத்தின் ஓரத்தில் நீலமாக ஒன்று வந்தது. அவன் கை, அவனைக் கேட்காமல் திரும்பியது. விரலை அமுக்கினான்.

மைதானம் இரைந்து ஓய்ந்தது. சுகன்யா மூன்றாமிடம். முத்துச்சாமி துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார், புவனேஸ்வரி சகாயசெல்வியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொஞ்சம் அடங்கியதும் முத்துச்சாமி வந்தார்.

"எங்க தம்பி, கோட்டக் காட்டுங்க."

"கோடு இல்லண்ணே."

"இல்லையா?"

"வேற எடுத்துட்டேன்."

பிராங்கிளின் அடுக்கைத் திறந்தான். வெயில் படாமல் முத்துச்சாமி துண்டால் திரையை மறைத்துக்கொண்டு குனிந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்கள் முகம் கோண ஓடி வந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் டெய்சி. முடி அவிழ்ந்து பறந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. மேலுதட்டு வியர்வைகூடத் தெரிந்தது. ஒரு கையில் செருப்பு ஜோடி. இரண்டு காலும் தரையில் இல்லை.

முத்துச்சாமி வெகுநேரம் பார்த்தார்.

"ஏப்பா" என்றார், "இந்தப் புள்ள எல்லாத்துக்கும் முன்னாடி போகுதேப்பா."

பிராங்கிளின் தலையை மட்டும் ஆட்டினான்.

டெய்சியும் சுகன்யாவும் தோளில் கைபோட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்கள். "அப்பா, கோட்டத் தொட்டத எடுத்தீங்களா?" என்று டெய்சி தூரத்திலிருந்தே கேட்டாள்.

பிராங்கிளின் வாயைத் திறப்பதற்குள் முத்துச்சாமி முந்திக்கொண்டார்.

"எடுத்துட்டாரு தாயி. எடுக்க வேண்டியத எடுத்துட்டாரு."